ஐஸ் தண்ணீரில் ஓ-ரிங்: மூன்றாவது தடவையில் வந்தது

சேலஞ்சர் விண்கல விபத்தை விசாரித்த குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மேன், 1986 பிப்ரவரியில் ஓ-ரிங்கின் (இணைப்பில் கசிவை அடைக்கும் ரப்பர் வளையம்) ஒரு துண்டைக் கிளாம்பில் இறுக்கி ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்து, குளிரில் அது உடனே பழைய வடிவுக்குத் திரும்பாததைக் காட்டினார். பார்க்க ரொம்ப எளிது. நாமும் செய்து பார்ப்போமே என்று இறங்கினேன்.

முதல் தடவை கையில் கிடைத்த கறுப்பு ஓ-ரிங்கைப் போட்டேன். ஒன்றுமே ஆகவில்லை. அது நைட்ரைல் ரப்பர். இந்தக் குளிரெல்லாம் அதற்கு ஒரு பொருட்டில்லை. சேலஞ்சரின் பூஸ்டரில் (ஏவும்போது மேலே உந்தும் பக்கவாட்டு ராக்கெட்) இருந்தது வைட்டான் வகை ரப்பர். நல்ல சூடு தாங்கும், குளிர்தான் ஆகாது.

வைட்டான் வாங்கி இரண்டாம் தடவை. ஐஸ் தண்ணீரில் அரை மணி நேரம் வைத்து, வெளியே எடுத்து, கிளாம்பைத் திருகித் திருகிக் கழற்றினேன். அமுங்கிய தடம் தெரிந்தது. ஆனால் திருகி முடிப்பதற்குள் ரப்பர் பாதி எழும்பிவிட்டது, விரல் சூடு வேறு. நேரத்தை அளக்க வழியில்லை.

மூன்றாம் தடவை திருகுக்குப் பதில் ஸ்பிரிங் கிளிப், கண்ணாடிப் பாத்திரம், செல்போனில் ஸ்லோமோஷன். கிளிப்பைத் தண்ணீருக்குள்ளேயே விடுவித்தேன். அறை வெப்பநிலையில் கண் சிமிட்டுவதற்குள் எழும்பிய அதே துண்டு, இப்போது தட்டையாகவே கிடந்தது. சில விநாடிகள் கழித்துத்தான் ஓரம் மெல்ல உப்பியது. கல் மாதிரி இறுகிவிடும் என்று நினைத்திருந்தேன், அப்படியில்லை. நகத்தால் அழுத்தினால் அமுங்குகிறது. திரும்பி வரத்தான் சோம்பல்.

அந்தச் சோம்பல்தான் அங்கே வினையானது. பூஸ்டர் எரியத் தொடங்கியதும் உள்ளழுத்தத்தில் உறை வீங்கி, இணைப்பில் இடைவெளி விரியும். முதல் 0.6 விநாடிக்குள் ரிங் எழும்பி அதை அடைத்துவிட வேண்டும். பூஸ்டர் தயாரித்த தயோக்கால் நிறுவனமே முன்பு சோதித்திருந்தது: ரிங்கை அமுக்கிய தகட்டை லேசாக விலக்கினால், 38 டிகிரியில் ரிங் அதோடு ஒட்டியே வந்தது, 24-ல் 2.4 விநாடி தொடாமல் விட்டுப்போனது. 10-ல் 10 நிமிடம் காத்திருந்தும் தொடவில்லை, சோதனையையே நிறுத்திவிட்டார்கள். 12 டிகிரிக்குக் கீழே ஏவ வேண்டாம் என்று ரோஜர் பாய்ஜோலி உள்ளிட்ட தயோக்கால் பொறியாளர்கள் சேலஞ்சரை ஏவுவதற்கு முந்தின இரவு வாதாடியும் எடுபடவில்லை. ஜனவரி 28 காலை, ஏவும்போது சுமார் 2 டிகிரி. 0.68-ஆவது விநாடியிலேயே வலது பூஸ்டரின் இணைப்பில் சாம்பல் நிறப் புகை. 73-ஆவது விநாடியில் விண்கலம் சிதறியது. ஏழு பேரும் போய்விட்டார்கள்.

இந்த எண்களைப் படித்தபின் என் வீடியோவை மறுபடி ஓடவிட்டேன். 0.6 விநாடியில் நிறுத்தினால், துண்டு அசைந்த மாதிரியே இல்லை.

அடுத்து 10 டிகிரியில் செய்ய வேண்டும். ஐஸ் உருகி முடியும்வரை தண்ணீர் 0-லேயே நிற்கும், தொல்லையில்லை. 10-ல் அரை மணி நேரம் பிடித்து நிறுத்தத்தான் வழி யோசித்துக்கொண்டிருக்கிறேன்.