ஜப்பானிய மொழியைத் தமிழ் வழியாகவே படியுங்கள்

"சாப்பிட்டுப் பார்" என்பதை ஜப்பானிய மொழியில் "தபேதே மிரு" என்பார்கள். தபேதே என்றால் சாப்பிட்டு, மிரு என்றால் பார். நாம் எப்படி "பார்" என்பதைக் கண்ணால் பார்ப்பதற்கும், ஒன்றைச் செய்து சோதிப்பதற்கும் சொல்கிறோமோ, அவர்களும் அப்படியே சொல்கிறார்கள். விருந்தாளி வருவதற்குள் "சமைத்து வை" என்பது "த்ஸுகுத்தே ஒகு". ஒகு என்றால் வைத்தல். "பார்த்துக்கொண்டு இருக்கிறேன்" என்பது "மிதே இரு". அங்கேயும் "இரு"தான்!

இந்த மூன்றையும் ஆங்கில விளக்கத்தோடு படித்தால் மூன்று தனித்தனி இலக்கண விதிகளாக மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கும். நம் ஊரில் ஜப்பானிய மொழி படிப்பவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் படிக்கிறார்கள். வகுப்பில் ஆங்கிலம், புத்தகத்தில் ஆங்கிலம், செயலியில் ஆங்கிலம். மனத்தில் தமிழில் தோன்றுவதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய், வாக்கியத்தைத் தலைகீழாக்கி, பிறகு ஜப்பானியத்துக்காக மறுபடியும் தலைகீழாக்குகிறார்கள். இந்தச் சுற்றுவழி தேவையே இல்லை.

ஒரு வாக்கியத்தைப் பாருங்கள். "நேற்று கடைக்குப் போய், மீன் வாங்கி, சமைத்துச் சாப்பிட்டேன்." ஜப்பானியத்தில்: "கினோ மிஸே எ இத்தே, ஸகானா ஒ கத்தே, ர்யோரி ஷிதே தபேமஷிதா." நேற்று, கடை, க்கு, போய், மீன், ஐ, வாங்கி, சமைத்து, சாப்பிட்டேன். வரிசை ஓரிடத்திலும் மாறவில்லை. வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால், வினையெச்சம் ஒன்றன்பின் ஒன்றாக, வினைமுற்று கடைசியில். "நேற்று வாங்கிய புத்தகம்" என்பது "கினோ கத்தா ஹோன்". நம் பெயரெச்சம் போலவே பெயருக்கு முன்னால் வினை வந்து நிற்கிறது. "என்று சொன்னார்" என்பதில் உள்ள "என்று"க்கு அவர்களிடம் "தோ". "வருகிறீர்களா?" என்பதில் கடைசியில் ஒட்டும் ஆவுக்கு "கா".

சுட்டுச் சொற்களில்தான் எனக்கு மிகவும் பிடித்த ஒற்றுமை இருக்கிறது. கோரே என்றால் என் பக்கத்தில் இருப்பது, ஸோரே என்றால் உங்கள் பக்கத்தில் இருப்பது, அரே என்றால் இருவருக்கும் தொலைவில் இருப்பது. இது, அது என்று இரண்டை மட்டும் வைத்திருக்கும் தமிழ்நாட்டுக்காரர் நடுவில் உள்ள ஸோரேயில் தடுமாறுவார். யாழ்ப்பாணத்துக்காரருக்கு அந்தச் சிக்கல் இல்லை. நடுவில் இருப்பதைச் சுட்டும் "உது" அங்கே இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

இதை வைத்து இரண்டும் ஒரே குடும்ப மொழிகள் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஒனோ ஸுஸுமு என்ற ஜப்பானிய அறிஞர் அப்படி வாதிட்டார். மொழியியலாளர்கள் பெரும்பாலும் அதை ஏற்கவில்லை. படிப்பவருக்கு உறவு முக்கியமில்லை, வாக்கிய அமைப்பு கைகொடுத்தால் போதும்.

எங்கே தமிழ் கைகொடுக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதலாவது, எழுத்து. ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் குறித்து வைத்துப் படிப்பவர்கள் நிச்சயம் மாட்டிக்கொள்வார்கள். பல்கலைக்கழகத்துக்கு "தைகாகு" என்று எழுதுவீர்கள். படிப்பைப் பாதியில் விடுவதற்கும் தமிழில் "தைகாகு" என்றுதான் எழுத முடியும். முதலாவதில் த மெலிந்து "தம்பி வந்த" என்பதன் கடைசித் த போல ஒலிக்கும். இரண்டாவதில் "தம்பி"யின் முதல் த போல வல்லொலி. நேர்முகத் தேர்வில் இதை மாற்றிச் சொன்னால் பட்டதாரி, படிப்பை விட்டவர் ஆகிவிடுவார். அதனால் முதல் இரண்டு வாரம் வேறு எதையும் தொடாதீர்கள். ஜப்பானியத்தின் இரண்டு ஒலியெழுத்து வரிசைகளான ஹிரகானா 46, கதகானா 46, இரண்டையும் கையால் எழுதிப் பழகுங்கள். இந்தக் கட்டுரையில் நான் தமிழ் எழுத்தில் தந்திருப்பது அடையாளத்துக்கு மட்டும்.

இரண்டாவது, எழுவாய்க்குப் பின்னால் வரும் "வா", "கா" என்ற இரண்டு இடைச்சொற்கள். இந்தக் கா கேள்விக் கா அல்ல, மெலிந்து ஒலிப்பது. எழுவாய்க்கு நம்மிடம் உருபு இல்லாததால் எதை எங்கே போடுவது என்று குழப்பம் வரும். ஒரு தோராயமான சோதனை உண்டு. தமிழில் "நான்தான் போனேன்" என்று "தான்" போடத் தோன்றினால் கா. வெறும் "நான் போனேன்" என்றால் வா. "யார் போனது?" என்ற கேள்விக்கு வரும் பதிலில் எப்போதும் கா. எல்லா இடத்திலும் இது செல்லாது, ஆனால் தொடக்கநிலையில் வரும் பிழைகளில் பெரும்பகுதி இதிலேயே ஒழிந்துவிடும்.

கொடுத்தல் வாங்கல் வினைகளைக் கண்டு எல்லோரும் பயப்படுகிறார்கள். எனக்கோ என்னைச் சேர்ந்தவர்களுக்கோ ஒருவர் தருவது குரேரு, நான் வெளியாருக்குக் கொடுப்பது அகேரு. தா என்பது தன்மை, முன்னிலைக்கும், கொடு என்பது படர்க்கைக்கும் உரியது என்று தொல்காப்பியம் பிரித்தது இதற்குப் பக்கத்தில் வரும் வேறுபாடுதான். "எனக்குத் தா, அவனுக்குக் கொடு" என்று நாவில் இன்னும் அந்தப் பழக்கம் மிச்சமிருக்கிறது. அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இனி வேலை. ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில், எளிதான என்5 தொடங்கிக் கடினமான என்1 வரை ஐந்து நிலைகள். ஆண்டுக்கு இருமுறை, ஜூலையிலும் டிசம்பரிலும், சென்னையிலும் நடக்கிறது. என்5 சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு வேலை தேடுவது வீண். அது தொடங்கிவிட்டேன் என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் உள்ள ஜப்பானிய நிறுவனங்களில் மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு என்3க்குக் கீழே பேசிப் பயனில்லை, என்2 இருந்தால்தான் சம்பளத்தைப் பற்றிப் பேரம் பேசலாம். பழைய நான்கு நிலைத் தேர்வின் அளவுகோலில், இன்றைய என்5க்கு இணையான நிலைக்கு சுமார் 800 சொல், 100 காஞ்சி (சீனத்திலிருந்து வந்த சொல்லெழுத்து). என்2க்கு இணையானதற்கு 6,000 சொல், 1,000 காஞ்சி, 600 மணி நேரப் படிப்பு. தினம் ஒரு மணி நேரம் என்றால் கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு. "ஆறு மாதத்தில் என்2" என்று விளம்பரம் செய்யும் இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

தேர்வில் தோற்பவர்கள் பலரும் தோற்பது கேட்டல் பகுதியில். ஒலிப்பதிவு ஒரே ஒருமுறைதான் ஓடும். என்3இல் 180க்கு 95 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் மூன்று பகுதியிலும் தனித்தனியாக 60க்கு 19 இருக்க வேண்டும். மொத்தம் 120 எடுத்தும் கேட்டலில் 18 என்றால் தோல்விதான். பேச்சுத் தேர்வு இதில் கிடையாது என்பதையும் மறக்கக் கூடாது. சான்றிதழ் கையில் இருந்தும் வாய் திறக்க முடியாதவர்களை நேர்முகத்தில் இரண்டே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பட்டம் இல்லாதவர்களுக்கும் ஜப்பானுக்குப் போக வழி உண்டு. 2019 ஏப்ரலில் தொடங்கிய குறிப்பிட்ட திறன் தொழிலாளர் விசாவுக்குப் பெரும்பாலான தொழில்களில் என்4 போதும். அல்லது ஜேஎஃப்டி பேசிக் என்ற அடிப்படை ஜப்பானியத் தேர்வில் 250க்கு 200. கூடவே அந்தந்தத் தொழிலின் திறன் தேர்வு. முதியோர் பராமரிப்பு என்றால் அதற்கென்று இன்னொரு மொழித் தேர்வும் உண்டு. இதன் முதல் வகை விசாவில் பொதுவாக அதிகபட்சம் ஐந்து ஆண்டு, குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. கடன் வாங்கிக் கிளம்புவதற்கு முன் வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது. ஏஜெண்ட் மூலமாகப் போவதானால், அரசிடம் பதிவு பெற்றவரா என்று இந்திய அரசின் இமைக்ரேட் இணையதளத்தில் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

காஞ்சி எழுத்துகளைத் தொழில்வாரியாகப் படியுங்கள். கோஜோ தொழிற்சாலை, கோஜி கட்டுமான வேலை, கோகு கருவி. மூன்றிலும் முதல் எழுத்து ஒன்றே, வேலை என்ற பொருளில். ஒன்று தெரிந்தால் மூன்று பலகையைப் படிக்கலாம். தொழிற்சாலைக்குப் போகிறவர் ஹின்ஷித்ஸு (தரம்), ஃபுர்யோ (பழுது), கென்ஸா (சோதனை), ஸுமென் (வரைபடம்), நோகி (சரக்கு தரவேண்டிய நாள்) ஆகிய ஐந்தையும் பூ, விலங்கு பெயர்களுக்கு முன்னால் படிக்க வேண்டும்.

கூட்டத்தில் மொழிபெயர்ப்பாளரைக் கவிழ்ப்பது எண்கள். அவர்கள் பத்தாயிரத்தை ஓர் அலகாக வைத்து மான் என்பார்கள். எத்தனை லட்சம் என்ற எண்ணைப் பத்தால் பெருக்கினால் எத்தனை மான் என்பது வரும். 35 லட்சம் என்றால் 350 மான், ஸன்ப்யாகு கோஜூ மான். ஒரு கோடி 1,000 மான், பத்து கோடி ஒரு ஒகு. லட்சத்தை மில்லியனாக்கி, மில்லியனை மானாக்கப் போனால் சுழி ஒன்று நழுவும், விலைப்புள்ளி பத்து மடங்கு மாறும். லட்சத்திலிருந்து நேரே மானுக்குப் போகத் தினம் பதினைந்து நிமிடம் பழகினால் ஒரு மாதத்தில் கைவந்துவிடும்.

எதிர்மறைக் கேள்விக்கும் ஆங்கிலத்தை மறந்துவிடுங்கள். "சரக்கு இன்னும் வரலையா?" என்றால் நாம் "ஆமா, வரல" என்போம். அவர்களும் "ஹை" (ஆமாம்) என்று சொல்லித்தான் வரவில்லை என்பார்கள். ஆங்கிலப் பழக்கத்தில் அந்த இடத்தில் "இய்யே" (இல்லை) என்றால் சரக்கு வந்துவிட்டது என்று பொருள் ஆகிவிடும். அதுபோக, நாம் பேசும்போது அவர்கள் இடையிடையே சொல்லும் "ஹை" சம்மதம் அல்ல. நம்முடைய "ம்" போல, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு. "கென்தோ ஷிமஸ்" (பரிசீலிக்கிறோம்) என்றால் பெரும்பாலும் மறுப்புதான். ஒப்பந்தம் கிடைத்துவிட்டதாக மேலாளரிடம் சொல்லிவிடாதீர்கள்.

சுற்றுலாவுக்கு வருகிறவர்களிடம் இலக்கணப் பிழை மன்னிக்கப்படும், தேதிப் பிழை மன்னிக்கப்படாது. நான்காம் தேதி யொக்கா. எட்டாம் தேதிக்கு யோவை நீட்டி, ககரத்தை ஒற்றையாக, ஆனால் வல்லொலியாகச் சொல்ல வேண்டும். இருபதாம் தேதி ஹத்ஸுகா. விமான நிலையத்துக்குக் கார் அனுப்புகிறவர் வாயால் கேட்டதை எழுதி, காட்டி, உறுதி செய்துகொள்ள வேண்டும். ஏழுக்கு ஷிச்சி என்றும் நானா என்றும் இரண்டு சொல் உண்டு. ஒன்றான இச்சியோடு ஷிச்சி குழம்பும் என்பதால் தொலைபேசி எண், அறை எண் எல்லாவற்றுக்கும் நானா என்றே சொல்லுங்கள்.

வழிகாட்டியாக நிற்பவருக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. நம் தெய்வங்கள் பௌத்தத்தோடு ஜப்பானுக்குப் போய் வேறு பெயரில் அங்கே வழிபடப்படுகின்றன. சரஸ்வதி பென்ஸைதென், லட்சுமி கிச்சிஜோதென், பிள்ளையார் கங்கிதென், இந்திரன் தைஷாகுதென், குபேரன் பிஷாமோந்தென். கோயில் தூணில் வீணையோடு இருக்கும் உருவத்தைக் காட்டி "பென்ஸைதென்" என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவர்கள் ஊர்ப் பென்ஸைதென் கையிலும் ஒரு நரம்பு வாத்தியம் இருக்கும். காஞ்சிபுரத்தில் நின்று போதிதர்மரைத் "தருமா" என்று சொல்லுங்கள். அவர் காஞ்சியிலிருந்து போனவர் என்ற மரபைச் சொல்லும்போது, அதை மரபு என்றே சொல்லுங்கள். மாமல்லபுரத்து ரதங்களுக்கு ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்துக்கொள்ளலாம்: "ஹித்தோத்ஸு நோ இவா கரா ஹொராரேமஷிதா", ஒரே பாறையிலிருந்து செதுக்கப்பட்டது. அதற்கு அடுத்து வரும் கேள்வி அநேகமாக "எத்தனை ஆண்டு ஆயிற்று?" என்பதுதான். "நானா ஸெய்கி", ஏழாம் நூற்றாண்டு. அதற்கு மேல் கேட்டு விடை தெரியாவிட்டால் "கக்குனின் ஷிமஸ்" (சரிபார்க்கிறேன்) என்று சொல்லி, விசாரித்து, மாலைக்குள் பதிலோடு போய்ச் சொல்லுங்கள்.