அல்சர் ஆபரேஷன் ஆகி பல வருஷம் கழிச்சு அப்பாவுக்கு வந்த கேன்சர், எப்படி தெரிஞ்சுது

எங்கப்பாவுக்கு 1987ல அல்சருக்காக இரைப்பைல பாதிய எடுத்துட்டு மீதிய சிறுகுடலோட சேத்து வச்சிருந்தாங்க. அதுல இருந்தே சாப்பிட்டதும் வேர்க்கும், படபடன்னு வரும், கொஞ்ச நேரம் படுத்தா சரியாயிடும், டம்பிங்னு சொல்வாங்க. ரத்தமும் எப்பவும் கம்மிதான், பி12 ஊசி போட்டுக்குவாரு. எல்லாம் எங்களுக்கு பழகிப்போச்சு.

ஆனா போன வருஷம் பழகாத விஷயமெல்லாம் வர ஆரம்பிச்சுது. நாலு இட்லி சாப்பிடுறவரு ஒன்றரை இட்லிலயே நெஞ்சுக்குழில கைய வச்சுக்கிட்டு "போதும்மா"ம்பாரு. பெல்ட்ல புதுசா ஓட்டை போட்டோம். காலைல சாப்பிட்டது சாயங்காலம் வாந்தில அப்படியே வரும், மோஷன் கருப்பா தார் மாதிரி பிசுபிசுன்னு தாங்கமுடியாத நாத்தத்தோட போச்சு. பக்கத்து கிளினிக்ல இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டா கருப்பாத்தான் போகும்னாங்க, அது உண்மைதான், ஆனா மாத்திரை சாப்பிட சாப்பிட ஹீமோகுளோபின் ஏறணும்ல, இவருக்கு இறங்கிட்டே வந்து 7ல நின்னுச்சு, அப்போ உள்ள எங்கயோ ரத்தம் போகுதுன்னுதானே அர்த்தம்?

குடல் டாக்டர்கிட்ட போனோம், அவர் வயித்துல இருந்த தழும்ப பாத்துட்டு முதல்ல கேட்டதே "ஆபரேஷன் ஆகி எத்தனை வருஷம் ஆச்சும்மா"ன்னுதான். ஆபரேஷன் ஆகி 15, 20 வருஷத்துக்கு மேல போனா மிச்சமிருக்கிற இரைப்பைல கேன்சர் வர்ற வாய்ப்பு கூடுமாம், ஜாயின்ட் போட்ட வழியா பித்தநீர் மேல ஏறி ஏறி அந்த இடம் புண்ணாகிட்டே இருக்கறது ஒரு முக்கிய காரணம்னாரு. எல்லாருக்கும் வராது, ஆனா புதுசா ஏதாவது மாறினா எண்டோஸ்கோபி பாக்காம விடக்கூடாதுன்னு கண்டிப்பா சொன்னாரு.

எண்டோஸ்கோபிக்கு போறவங்க பழைய ஆபரேஷன் பத்தி முன்னாடியே சொல்லிடுங்க, டிஸ்சார்ஜ் சம்மரி இருந்தா கையோட எடுத்துட்டு போங்க. அப்பாவோடது ட்ரங்க் பெட்டில மடிப்பு கிழிஞ்சு கிடந்துச்சு, அதுல பில்ராத் 2ன்னு, அதாவது மீதி இரைப்பைய சிறுகுடலோட சேக்கற அந்த ஆபரேஷனோட பேரு, எழுதியிருந்தத பாத்ததும் டாக்டருக்கு உள்ள எப்படி இருக்கும்னு புரிஞ்சிடுச்சு. இந்த மாதிரி வயித்துல பழைய சாப்பாடு தங்கிடும், சரியா தெரியாதுன்னு முந்தின நாளே வெறும் நீராகாரம் மட்டும் குடுக்க சொன்னாங்க. தொண்டைல மரத்துப்போக ஸ்ப்ரே அடிச்சு, இடதுபக்கமா படுக்க வச்சு, டியூப் விட்டு ஜாயின்ட் ஓரத்துலயே பல இடத்துல சதை எடுத்தாங்க. பயாப்ஸில கேன்சர்னு வந்துடுச்சு, ரிப்போர்ட்ட கைல வாங்கினப்போ எனக்கு கால் நிக்கல.

சிடி ஸ்கேன்ல கல்லீரலுக்கு பரவலைன்னு வந்ததால மிச்ச இரைப்பையையும் எடுத்துட்டு உணவுக்குழாய குடலோட நேரா சேத்தாங்க. பழைய ஆபரேஷன்ல உள்ள எல்லாம் ஒட்டிக்கிட்டு இருந்ததால ரொம்ப நேரம் ஆச்சு. இப்போ ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடுறாரு, பி12 ஊசி ஆயுசுக்கும் உண்டு, செக்கப் போயிட்டிருக்கோம். உங்க வீட்லயும் அந்தக் காலத்துல அல்சருக்கு வயித்த வெட்டி எடுத்த அப்பாவோ தாத்தாவோ இருந்தா, அவங்க சாப்பாடு திடீர்னு பாதியா குறைஞ்சா தயவுசெஞ்சு கேஸ்னு மாத்திரை வாங்கிக் குடுத்துட்டு இருக்காதீங்க, கூட்டிட்டு போங்க.