மதிக்கு ஒரு குறள் வெண்பா: மூன்று வாரம், ஏழு சீர்

முடிந்துவிட்டது. அமாவாசைக்கு மறுநாள் தொடங்கியது, பௌர்ணமியும் தாண்டித் தேய்பிறையில்தான் முடிந்தது. எழுதியது ஏழே சீர். கேட்டவுடன் பாடும் ஆசுகவிகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

விஷயம் இதுதான். ‘மதி’யில் முடியும் சொற்களை ரொம்ப நாளாகச் சேர்த்துக்கொண்டிருந்தேன். நிம்மதி, வெகுமதி, அனுமதி, திருமதி, அவமதி. ஒருநாள் ஏற்றுமதி, இறக்குமதி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியபோது சட்டென்று பொறி தட்டியது. ஏற்று சேர்த்தாலும் வியாபாரம், இறக்கு சேர்த்தாலும் வியாபாரம், இரண்டையும் எடுத்துவிட்டால் நிலா. விடுகதைக்கு இதைவிட என்ன வேண்டும்? உரைநடையிலேயே விட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். குறள் வெண்பாவாகத்தான் வேண்டும் என்று அடம்பிடித்தது என் கொழுப்பு.

முதலில் வந்தது: ‘ஏற்றினால் வாணிபம் இறக்கினால் வாணிபம்’. காதுக்கு என்னமோ நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வெண்பாவுக்குக் கணக்கு உண்டு. தனி எழுத்தாக நிற்கும் அசை நேர், குறிலோடு இன்னொன்று இணைந்த அசை நிரை. நேரில் முடியும் ஈரசைச் சீர் மா (தேமா, புளிமா), நிரையில் முடிவது விளம் (கூவிளம், கருவிளம்), நேரில் முடியும் மூவசைச் சீர் காய். மாவுக்குப் பின் நிரையும், விளத்துக்கும் காய்க்கும் பின் நேரும் வர வேண்டும்; சீர்கள் இப்படி இணைவதுதான் தளை. இங்கே வாணிபம் கூவிளம், இறக்கினால் நிரையில் தொடங்குகிறது. விளம் முன் நிரை, தளை போச்சு. ஏற்று நேரில் தொடங்குகிறது, இறக்கு நிரையில். இந்த ஜோடியை ஒரே அடியில் உட்கார வைப்பதுதான் மொத்த வேலையும். நடுவில் ‘கீழே’ என்று ஒன்றைச் செருகி, ‘வாணிபம் கீழே இறக்கினால்’ என்று ஒப்பேற்றிப் பார்த்தேன். தளை சரி. ஆனால் இறக்குவது கீழேதானே, மேலேயா இறக்குவார்கள்? அது பஞ்சு அடைத்த சீர். அதோடு இரண்டாவது வாணிபத்துக்கு அடியில் இடமும் இல்லை.

இதில் மட்டும் பத்து நாள் போனது. பஸ்ஸில், பல் தேய்க்கும்போது, ஆபீஸ் மீட்டிங்கில் என்று எல்லா இடத்திலும் விரலை மடக்கிக்கொண்டிருந்தேன். கடைசியில் தீர்வு சிரிப்பு வரும் அளவுக்குச் சின்னது. ‘ஆல்’ விகுதியைத் தூக்கிவிட்டு ‘இன்’ போட்டேன். ஏற்றினால் கூவிளம், ஏற்றின் தேமா. இறக்கினால் கருவிளம், இறக்கின் புளிமா. எல்லாம் மாச்சீராகிவிட்டதால் அடுத்தடுத்து நிரை கேட்கிறது. ‘ஏற்றின் வணிகம் இறக்கின் வணிகமே’. ஓடுகிறது! விளங்காயும் மாங்காயுமாக அலைகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சீரை மாற்றும் முன் விகுதியை மாற்றிப் பாருங்கள். எனக்கு இது இத்தனை வருஷம் கழித்துத்தான் உறைத்தது.

ஆனால் வணிகம் என்று சொன்னவுடனே ஏற்றுமதி ஞாபகம் வந்துவிடும், புதிர் புஸ்ஸென்று போய்விடும். அதனால் வணிகத்தை எடுத்துவிட்டுப் ‘பொருள்’ போட்டேன். சரக்கு, செல்வம், அர்த்தம் மூன்றும் அதில் அடங்கும், கேட்கிறவர் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நிற்பார். இறுதிச் சீருக்கு ‘விளக்கு’ என்பது முதல் நாளே முடிவானது. தீபமும் ஆச்சு, ‘விளக்கிச் சொல்’ என்ற ஏவலும் ஆச்சு. ஆக இரண்டாம் வடிவம்:

ஏற்றின் பொருளாம்; இறக்கின் பொருளாகும்;
மாற்றாது விட்டால் விளக்கு.

யாப்பைச் சோதிக்கும் மென்பொருளான அவலோகிதத்தில் ஒட்டிப் பார்த்ததும் குறள் வெண்பா என்றே வந்தது. சந்தோஷத்தில் தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்குக்கு கிளியரிங் வேலை பார்க்கும் அத்தானுக்கு போன் போட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. “கன்டெய்னர்தானே மாப்ள? ஏத்தினாலும் காசு, இறக்கினாலும் காசு, மாத்தாம அப்படியே போட்டு வெச்சா டெமரேஜ், அதான் தாமதக் கட்டண பில்லு. அந்தப் பில்லைத்தான் பார்ட்டி வந்து விளக்குன்னு கேப்பான்.” எனக்குப் பேச்சே வரவில்லை. என் விடையைவிட அவர் விடை நன்றாகப் பொருந்துகிறது. இரண்டு விடை உள்ள விடுகதை ஓட்டைக் குடம் மாதிரி.

இங்கே ஒரு புலம்பல். றகர எதுகை, அதாவது இரண்டாம் எழுத்து றகரமாக ஒத்துவரும் சொற்கள், தேடுவதற்காகவே செய்யுளில் அமைந்த பழைய அகராதியான சூடாமணி நிகண்டுப் பழைய பதிப்பு ஒன்றை வாங்கினேன். அதன் பதினோராம் தொகுதி ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்வது, அதுவும் எதுகை வரிசையில். சிலேடைக்காரனுக்கு அது மளிகைக்கடை. வந்து சேர்ந்த பிரதியில் கடைசி முப்பது பக்கம் போல இல்லை. றகரம் அங்கேதான் இருக்கிறது. விற்றவரைக் கேட்டால், “மத்த பக்கம் எல்லாம் நல்லா இருக்குல்ல சார்” என்கிறார். தபாலில் பழைய புத்தகம் வாங்குகிறவர்கள் முதல் பக்கத்தோடு கடைசிப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

கன்டெய்னரை விரட்ட ஈற்றடியை மாற்றினேன்: ‘நாற்றிசைக்கும் தன்னால் விளக்கு’. உண்மையில் நான் விரும்பியது ‘தனியே விளக்கு’. காய் முன் நிரை வராதே, அதனால் ‘தன்னால்’. இதற்கும் ஆப்பு வந்தது. அண்ணன் மகள் எட்டாம் வகுப்பு. விடையைச் சொன்னதும், “தப்பு சித்தப்பா, சந்திரனுக்குச் சொந்த வெளிச்சமே கிடையாது” என்றாள். வாஸ்தவம். தன் மேல் விழும் வெயிலில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு போலத் திருப்பி அனுப்புகிறது, அவ்வளவுதான் அதன் சாமர்த்தியம். ‘வானில் விளக்கு’ என்று மாற்றினால் பொய் இல்லை. ஆனால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் நிலா என்று சொல்லிவிடும், முதலடிக்கு வேலையே இல்லை. ஒளித்தால் பொய், உண்மை சொன்னால் உடைகிறது. மூன்று நாள் தொடவே இல்லை.

நாலாம் நாள் கரண்ட் போனது. அம்மா உள்ளேயிருந்து, “அந்த விளக்கை ஏத்துடா” என்றாள். ஏத்து. ஏற்று! முதல் சீரிலேயே மூன்று வாரமாக உட்கார்ந்திருக்கிற சொல். சரக்கையும் ஏற்றலாம், விளக்கையும் ஏற்றலாம்.

ஏற்றின் பொருளாம்; இறக்கின் பொருளாகும்;
ஏற்றாத போதும் விளக்கு.

யாரும் ஏற்றாத விளக்கு. ‘ஏற்று’ சேராதபோதும் விளக்கு. பிள்ளையின் அறிவியலுக்கும் பழுதில்லை, கன்டெய்னரும் போயே போச்சு. எதுகைக்கு அதே சொல்லையே போட்டிருக்கிறானே என்று யாராவது முணுமுணுப்பீர்கள். அங்கே பொருள் வேறு, சரிதானா? அத்தானுக்கு மறுபடி அனுப்பினேன். ராத்திரி பதினொன்றரைக்கு போன்: “அட, மதி! தினமும் நூறு பேப்பர்ல அடிக்கிற வார்த்தைடா!”

அடுத்தது அம்புலி. அம் என்றால் அழகு, ஆக அம்புலி அழகான புலி. பிள்ளைத்தமிழில் நிலாவைக் குழந்தையோடு விளையாட அழைக்கும் அம்புலிப் பருவம் பாடியவர்கள் சாமம், அதாவது ‘நீயும் இவனும் ஒப்பு’ என்று நயமாகச் சொல்லும்போது குழந்தையையும் நிலாவையும் சிலேடையில்தான் ஒப்பிடுவார்கள். அந்த வேலை எனக்கு ஆகாது, புலியே போதும். முதலடி வந்துவிட்டது: ‘சோறூட்டும் போதில் அழகுப் புலிவந்தால்’. இரண்டாவதில் ‘ஏறிட்டுப் பார்க்கும்’ வரை ஓடி நிற்கிறது. ‘குழந்தை’ என்று முடிக்கத்தான் கை போகிறது, ஆனால் அது முழு ஈரசை, வெண்பாவின் ஈற்றுச் சீர் விடவில்லை. ‘மகவு’ போட்டால் செப்பேடு மாதிரி இருக்கிறது. ‘சிசு’ தளைக்குப் பொருந்துகிறது, ஆனால் வாயில் வந்ததுமே பிரசவ வார்டு டெட்டால் வாசனை அடிக்கிறது.