கேட்க ஆளில்லாத மடாதிபதி

ஜூன் 4

பிரான்சின் க்ளூனி கிறிஸ்தவத் துறவி மடத்தின் தானப் பத்திரத்தைப் படித்தேன். 910இல் அக்கிடேன் கோமகன் வில்லியம் எழுதிக் கொடுத்தது. தனக்கோ, தன் உறவினருக்கோ, அரசனுக்கோ அந்த மடத்தின் மேல் எந்த அதிகாரமும் கிடையாது என்கிறான். முதல் மடாதிபதி பெர்னோவுக்குப் பின் துறவிகளே தலைவரைத் தேர்ந்தெடுக்கலாமாம். ஊர்ப் பிரபுக்கள் மடத்து வரும்படியைத் தின்று கொழுத்த காலத்தில் இது சாமானிய விஷயமில்லை.

ஜூன் 5

நடந்ததோ வேறு. பெர்னோ ஓடோவைக் கைகாட்டினார், ஏமார் மயோலை, மயோல் ஓடிலோவை. தேர்தல் பெயருக்குத்தான். ஆனாலும் ஆட்கள் சோடை போகவில்லை. ஓடிலோவும் ஹியூவும் 994 முதல் 1109 வரை ஆண்டார்கள். இரண்டே பேர்!

ஜூன் 9

க்ளூனி துறவிகள் பின்பற்றிய பெனடிக்ட் விதிநூலின் 64ஆம் அத்தியாயத்தை மறுபடி எடுத்தேன். தகாதவரைத் துறவிகள் தலைவராக்கினால் ஆயரும் அக்கம்பக்கத்து மடாதிபதிகளும் தலையிட்டுத் தடுக்க வேண்டும் என்கிறது. க்ளூனியிலோ ஆயரின் அதிகாரத்தைப் பாப்பரசரே விலக்கிவிட்டார். கிளை மடங்களில் பெரும்பாலும் இருந்தவர்கள் தனி மடாதிபதிகள் அல்ல, க்ளூனிக்குக் கட்டுப்பட்ட பிரையர்கள் எனும் துணைத் தலைவர்கள். தட்டிக் கேட்க யார் மிச்சம்? தொலைவில் ரோம் மட்டும்தான்.

ஹியூவுக்குப் பின் வந்த போன்ஸ் விஷயத்தில் அந்த ஓட்டை தெரிந்துவிட்டது. மடத்துக்குள் பூசல் முற்றி 1122இல் பதவி விலகிப் புனித பூமிக்குப் போனார். திரும்பி வந்து, புதிய தலைவர் பீட்டர் வெளியூரில் இருந்த நேரம் பார்த்து, 1126இல் ஆயுதக் கூட்டத்தோடு மடத்துக்குள் புகுந்தார். கூலிப்படைக்குச் சம்பளம் கொடுக்கத் தங்கச் சிலுவைகளையும் கிண்ணங்களையும் உருக்கினாராம். இதைச் சொல்பவர் பீட்டரே, அதனால் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படிக்கிறேன். கடைசியில் ரோமில் சிறையில் இறந்தார் போன்ஸ்.

ஜூன் 10

அலுவலகத்தில் ஆண்டுக் கணக்கு முடிக்கும் வேலை. ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை.

ஜூன் 13

1098இல் பிரான்சிலேயே தொடங்கிய சித்தோ மடம் வேறு வழி கண்டது. ஸ்டீவன் ஹார்டிங் காலத்து ‘அன்பின் சாசனம்’ கிளை மடத்துக்கும் தனி மடாதிபதியைக் கொடுத்தது, வரி கேட்கவில்லை. தாய் மடத்துத் தலைவர் ஆண்டுக்கொரு முறை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். எல்லா மடாதிபதிகளும் ஆண்டுதோறும் சித்தோவில் கூட வேண்டும். எனக்குப் பிடித்தது இதுதான்: சித்தோவின் தலைவரையே கேள்வி கேட்கும் உரிமை அதன் மூத்த கிளைகளுக்கு இருந்தது.

1215இல் நாலாம் லாத்தரன் சங்கம் என்ற திருச்சபைப் பொதுக்கூட்டம் மற்ற மடங்களையும் மூன்றாண்டுக்கு ஒருமுறை கூடச் சொன்னது. கூட்டம் நடத்தப் பழக்கமில்லாவிட்டால் பக்கத்திலிருந்து சித்தோ சபை மடாதிபதிகள் இருவரைக் கூப்பிட்டுக்கொள்ளவும் சொன்னது. க்ளூனி போன்ற பழைய மடங்களின் கறுப்பு அங்கிக்காரர்களுக்குச் சித்தோவின் வெள்ளை அங்கிக்காரர்கள் பாடம் எடுப்பதா! முதல் கூட்டத்தில் எத்தனை முகம் சுருங்கியதோ.