ராசா மிதக்கிறான்

பிப்ரவரி 6, 2024, செவ்வாய்

தொட்டித் தண்ணீர் 18.4 டிகிரி. என் கடற்குதிரை ராசா காலையில் மூன்று மைசிஸ் (பொடி இறால்) எடுத்ததோடு சரி. மிச்சத்தையெல்லாம் அவன் ஜோடி செல்லி முடித்துவிட்டாள்.

அம்மாவுக்கு வலது கண்ணில் அழுத்தம் 31, அதிகம்தான்.

பிப்ரவரி 8, வியாழன்

ராசாவின் வயிற்றுப் பை உப்பியிருக்கிறது. பார்த்ததும் முதலில் சந்தோஷம்தான். இந்த இனத்து ஆண்கள் துணை தேடும்போது பையில் தண்ணீரை நிரப்பிப் பெரிதாக்கிக் காட்டுவார்கள், பை வெளுத்து மஞ்சளாகும். பெண் முட்டையைப் பைக்குள் இட்டுவிட்டுப் போன பிறகும் பெருக்கும். ஒரு மாதம் போலச் சுமந்து குஞ்சுகளை வெளியே தள்ளுவது அவன்தானே.

ஆனால் ராசா செல்லியைத் திரும்பிப் பார்க்கவில்லை. நிறமும் மாறவில்லை. வால் மேலே போகிறது, தலை கீழே தொங்குகிறது. பிளாஸ்டிக் பாசித் தண்டை வாலால் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருக்கிறான். பிடி தளர்ந்தால் நேராக மேல்மட்டத்துக்குப் போய்விடுகிறான். முதுகுத் துடுப்பு கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அடிக்கிறது, ஒரு விரற்கடை இறங்குகிறான், மறுபடி ஏறிவிடுகிறான்.

தண்ணீர் நிறைந்த பை இப்படி மிதக்காது. உள்ளே காற்று.

பிப்ரவரி 9, வெள்ளி

மீன் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். வாளியை மடியில் வைத்தபடி அம்மா காரில் வந்தார். வர வேண்டாம் என்றால் கேட்கிற ஆளா?

மருத்துவர் அவனைத் தண்ணீருக்கு வெளியே எடுக்கவே இல்லை. இடது கையால் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, பையின் வாயில் மெல்லிய குழாய் ஒன்றை நுழைத்து, கட்டைவிரலால் கீழிருந்து மேலாக நீவினார். முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் கடுகளவு ஒரு குமிழி, அடுத்து மூன்று நான்கு சேர்ந்து. ராசாவின் ஒரு கண் மருத்துவரைப் பார்த்தது, மற்றது என்னை. பை சுருங்கியதும் கையிலிருந்து நழுவி வாளியின் அடிக்குப் போனான். கடற்குதிரை அடிக்குப் போவதைப் பார்த்து யாராவது கண் கலங்குவார்களா? நான் கலங்கினேன்.

காற்று திரும்ப வரும், கிருமி காரணமாக இருக்கலாம், தண்ணீர் சூடேறவே கூடாது என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். அசெட்டசோலமைடு, 250 மில்லிகிராம்.

அம்மா கண்ணுக்குப் போடுகிற அதே மாத்திரை. மருந்துக் கடையில் இரண்டாவது டப்பா வாங்கினேன். குளிர்சாதனப் பெட்டியின் மேல் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்றில் அம்மா பெயர், மற்றதில் ‘ராசா, கடற்குதிரை’.

பிப்ரவரி 10, சனி

தனித்தொட்டி, 38 லிட்டர். ஒரு மாத்திரையைப் பொடித்துக் கரைத்து ஊற்றினேன். நாளைக்கு மறுபடி புதுத் தண்ணீர், புது மாத்திரை. செல்லி பெரிய தொட்டியின் கண்ணாடி ஓரத்திலேயே நிற்கிறாள்.

பிப்ரவரி 11, ஞாயிறு

சாப்பிடவில்லை.

இந்த மருந்து பசியைக் குறைக்கும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அம்மாவும் நேற்றிலிருந்து அரை இட்லியோடு எழுந்துவிடுகிறார். அம்மாவுக்குச் சொல்லிப் புரியவைக்கலாம், கஞ்சி வைக்கலாம், அக்காவைத் தூத்துக்குடியிலிருந்து போனில் அதட்டச் சொல்லலாம். இவனுக்கு வயிறே கிடையாது. தின்றது குடலில் ஓடி வெளியே போய்விடும், சேர்த்து வைக்க இடமில்லை. அதனால்தான் கடலில் இவை நாள் முழுக்கத் தின்றுகொண்டே இருக்கின்றன. ஒரு நாள் பட்டினி நமக்கு விரதம், இவனுக்கு அப்படியில்லை. உடம்பில் எலும்பு வளையங்கள் துருத்துகின்றனவா, எப்போதும் அப்படித்தானா? போன மாதப் படங்களை எடுத்து ஒப்பிட்டேன். ஒரு படத்தில் துருத்துகிற மாதிரி இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. உறைந்த மைசிஸை மூக்குக்கு நேரே குழாயால் விட்டேன். கண் அதன் பின்னாலேயே போகிறது, வாய் திறக்கவில்லை. கடையில் உயிருள்ள ஆர்ட்டீமியா, அந்தக் குட்டி உப்புநீர் இறால், நாளைக்குத்தான் வருமாம்.

அம்மாவுக்கு விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்கிறதாம், மாத்திரை வேலைதான். “அதுக்கும் வாலு அப்படி இருக்கும்ல ஐயா?” என்று கேட்டார். எனக்கும் அன்றிலிருந்து அதே கேள்விதான்.

பிப்ரவரி 12, திங்கள்

ஆர்ட்டீமியா ஐந்து. ஐந்து!

பிப்ரவரி 13, செவ்வாய்

வெயில் கொளுத்தியது. மதியம் புயல், அதோடு மின்சாரம் போச்சு. ஆனக்கி ஊர்ப் பக்கம் பெரிய மின்கோபுரங்கள் ஆறு சாய்ந்துவிட்டன என்கிறார்கள், ஆஸ்திரேலியாவின் இந்த விக்டோரியா மாநிலத்தில் 5 லட்சம் வீடுகளுக்கு மேல் இருட்டு. தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் நின்றுவிட்டது. இரண்டு தொட்டிக்கும் பேட்டரி பம்பு மாட்டினேன். பனிக்கட்டிப் புட்டிகளை ஒன்று மாற்றி ஒன்றாக மிதக்கவிட்டேன், ஒரேயடியாகக் குளிர்ந்தாலும் ஆபத்து.

3 மணி: 19.6
4 மணி: 20.5
5:30: 21.1

டாஸ்மேனியப் பண்ணையில் பிறந்த பிள்ளை இவன், குளிர்ந்த கடல் இனம். சூடு ஏற ஏறத் தண்ணீரில் பிராணவாயு குறையும், கிருமி பெருகும். ராசா தொட்டியின் கீழ் மூலையிலேயே இருந்தான். கீழே இருந்தான் என்பது போதும்.

நல்லவேளை, புயலோடு குளிர்காற்றும் வந்தது. சன்னலையெல்லாம் திறந்து வைத்தேன். அம்மா டார்ச் பிடித்தார், நான் தண்ணீர் மாற்றினேன். இருட்டில் பாம்பனைப் பற்றிப் பேசினார். இறாலோடு இதுவும் வலையில் வருமாம். தாத்தா படகோரத்தில் காயப்போடுவாராம், வியாபாரி வந்து வாங்கிப் போவாராம். 2001க்குப் பிறகு சட்டப்படி அங்கே பிடிக்கவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது. சரியான சட்டம். “உயிரோட இப்படி நிக்கிறத நான் பார்த்ததே இல்லய்யா” என்றார். வலது கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணால்தான் பார்க்கிறார்.

பிப்ரவரி 14, திருநீற்றுப் புதன்

விடிகாலையில் மின்சாரம் வந்துவிட்டது. 19.2. தெருவில் மரம் விழுந்து கிடக்கிறது, கோயிலுக்குப் போக முடியவில்லை. அம்மாவுக்கு மனக்குறை. மாத்திரை போட வேண்டும், விரதம் வேண்டாம் என்று கெஞ்சினேன். எனக்கு வயசு தாண்டிப்போச்சு, திருச்சபையிலேயே விலக்கு உண்டு என்று அவரே சொல்லிவிட்டு, கடைசியில் கஞ்சியோடு நிறுத்திக்கொண்டார்.

பிப்ரவரி 16, வெள்ளி

மாத்திரை முடிந்தது, ராசாவுடையது.

பிப்ரவரி 17, சனி

பெரிய தொட்டிக்கு மாற்றினேன். செல்லி வந்து அவன் பிடித்திருந்த தண்டிலேயே வாலைச் சுற்றினாள். இருவரும் நிறம் வெளுத்தார்கள். சாப்பிடும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும், தலை எலும்புகள் உரசுவது. கண்ணாடிக்கு வெளியே நின்றாலும் கேட்கும். அம்மா சமையலறையிலிருந்தே எண்ணினார்: ஒன்று, இரண்டு, நாலு. கண் மங்க மங்கக் காது கூர்மையாகிவிட்டது அவருக்கு. அது எனக்குப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 19, திங்கள்

பை லேசாகப் பெருத்திருக்கிறதோ. செல்லியோடு சேர்ந்ததாலா, காற்றா? விளக்கைப் பின்பக்கம் பிடித்துப் பார்த்தேன், தெரியவில்லை. வால் இன்னும் கீழேதான்.

பிப்ரவரி 20, செவ்வாய்

அம்மாவின் கண் 34. மாத்திரையால் அடங்கவில்லை, அறுவை சிகிச்சைதான் என்று முடிவாகிவிட்டது. வியாழன் காலை 7 மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். கண்ணுக்குள் தேங்குகிற நீருக்குப் புதிதாக ஒரு வழி வைப்பார்களாம். அக்காவிடம் சொன்னேன், அழுதாள். நான் அழவில்லை, தொட்டிக்கு உப்புத் தண்ணீர் கலக்கிக்கொண்டிருந்தேன். அடர்த்தி 1.024.

பிப்ரவரி 21, புதன்

18.3. காலையில் ராசா ஏழு, செல்லி ஒன்பது. வால் கீழே.

பக்கத்து வீட்டுப் பையனுக்கு மைசிஸ் எப்படிக் கரைப்பது, எவ்வளவு போடுவது என்று காட்டிக் கொடுத்தேன். தலைகீழாகத் தொங்கினால் எந்த நேரமானாலும் கூப்பிடு என்றேன். ஆஸ்பத்திரி பையில் அம்மா ஜெபமாலையை வைத்துவிட்டார், நான் இன்னும் எதையும் எடுத்து வைக்கவில்லை, சில்லரில் புதிதாக ஒரு சத்தம் வருகிறது, போய்ப் பார்க்க வேண்டும்