வளைகுடா நீரோட்டம் நிற்காது: புவியியல் ஆப்ஷனலில் என்னைக் கவிழ்த்த வரி

சிவில் சர்வீஸ் தேர்வு ரிசல்ட் வந்து ஐந்து நாள் ஆகிறது. பட்டியலில் என் எண் இருப்பதைக் காட்டியபோது அம்மா வளவுத் (வீட்டின் நடுமுற்றத்துத்) தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். மூன்றாவது முயற்சி. தமிழில்தான் எழுதினேன். கட்டுரை, பொது அறிவுத் தாள்கள் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் அதற்குள் போகவில்லை. போனில் கேட்பவர்கள் எல்லாரும் விருப்பப் பாடமான புவியியலின் முதல் தாளை எப்படித் தேற்றினாய் என்றுதான் கேட்கிறார்கள். என் பதில் கடல் நீரோட்டம். வேறு யாராவது புவிப்புறவியல், அதாவது நில வடிவங்கள் பற்றிய பகுதி, என்பார்கள். எனக்கு இதுதான்.

இரண்டாம் முயற்சியில், புவி வெப்பமடைவதால் வளைகுடா நீரோட்டம் (அமெரிக்கக் கிழக்குக் கரையோரம் வடக்கே ஓடும் வெப்பமான கடல் நீரோட்டம்) நின்றுபோய் ஐரோப்பா உறைந்துவிடும் என்று எழுதினேன். பணம் கட்டி வாங்கிய ஒரு பயிற்சி மையக் குறிப்பில் இருந்த வரி அது. அந்த வருஷம் முதல் தாளில் மார்க் சரிந்தது. ஒரு வரியால் மட்டும் சரிந்திருக்காது என்று நண்பர்கள் சொன்னார்கள். ஆனால் அந்த வரியை நம்பி எழுதியவனுக்கு மற்ற விடைகளில் எவ்வளவு புரிந்திருக்கும்? காரைக்குடியில் ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர் ஒருவரிடம் விடையை மறுபடி எழுதிக் காட்டினேன். அந்த வரியைச் சிவப்பு மையால் வட்டமிட்டுவிட்டு, “தம்பி, அட்லாண்டிக்கில காத்து நிக்கப்போகுதா?” என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

வளைகுடா நீரோட்டத்தை முதலில் ஓட்டுவது காற்று. வெப்பமண்டலத்தில் வணிகக் காற்று ஒரு பக்கமும் வடக்கே மேலைக்காற்று எதிர்ப்பக்கமும் தள்ள, பெருங்கடல் முழுக்க ஒரு சுழல் உண்டாகிறது. பூமி சுழல்வதாலும், அதனால் ஓடும் நீரைப் பக்கவாட்டில் திருப்பும் கொரியாலிஸ் விளைவு துருவத்தை நோக்கிக் கூடிக்கொண்டே போவதாலும், அந்தச் சுழல் மேற்குக் கரையில் நெருக்கி வேகமாக ஓடுகிறது. 1948இல் கடலியலாளர் ஸ்டோமெல் இதைத்தான் விளக்கினார். ஜப்பான் பக்கம் குரோஷியோ நீரோட்டம் ஓடுவதும் இதே காரணத்தால்தான். காற்று வீசுவது நிற்க வேண்டும், இல்லை பூமி சுழல்வது நிற்க வேண்டும், அப்போதுதான் வளைகுடா நீரோட்டம் இல்லாமல் போகும் என்று கடலியலாளர் கார்ல் வுன்ஷ் 2004இல் எழுதினார். என் குறிப்பில் இந்த ஒரு விஷயம் இருந்திருந்தால் எனக்கு ஒரு வருஷம் மிஞ்சியிருக்கும்.

பலவீனமடையக் கூடியது வேறொன்று. அட்லாண்டிக் நெடுக்குவாட்டுச் சுழற்சி, சுருக்கமாக அமாக். தெற்கிலிருந்து போகும் வெப்பமான உப்பு நீர் கிரீன்லாந்து பக்கம் குளிர்ந்து, கனத்து, ஆழத்தில் இறங்கி, அடியில் தெற்கே திரும்புகிறது. வளைகுடா நீரோட்டம் தொடங்கும் ஃபுளோரிடா நீரிணையில் சுமார் 32 ஸ்வெர்ட்ரப் நீர் ஓடுகிறது. 26.5 டிகிரி வடக்கில் 2004 முதல் அளந்துவரும் அமாக்கின் சராசரி சுமார் 17. ஒரு ஸ்வெர்ட்ரப் என்பது விநாடிக்கு 10 லட்சம் கன மீட்டர். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாலே, இரண்டும் ஒன்றல்ல என்று தெரிந்து எழுதுகிறோம் என்பது திருத்துபவருக்குப் புரியும்.

படித்தது எனக்கு ஒட்டவில்லை. கையால் செய்து பார்த்தால்தான் எனக்கு ஏறும். நாங்கள் இருப்பது கானாடுகாத்தான் பக்கம் ஒரு செட்டியார் வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில். அம்மாவும் அப்பாவும் அந்த வீட்டைப் பார்த்துக்கொள்கிறார்கள். வீட்டுக்குச் சொந்தக்காரரான ஆச்சியின் குடும்பம் சென்னையில் இருக்கிறது, முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கு மட்டும் வருவார்கள். ஒருநாள் மத்தியானம் பெரிய ஊறுகாய்க் கண்ணாடி ஜாடியைக் கழுவி, லிட்டருக்கு 35 கிராம் உப்பு கரைத்த தண்ணீரை முக்கால்வாசி ஊற்றினேன். அது கடல். இன்னொரு டம்ளரில் அதே உப்புத் தண்ணீர், ஃபிரிட்ஜில் ஜில்லென்று ஆக்கி, துணிக்குப் போடும் சொட்டு நீலம் கலந்தது. கரண்டியின் முதுகில் மெதுவாக வழியவிட்டேன். நீலம் நூல் நூலாக இறங்கி ஜாடியின் அடியில் படுத்துக்கொண்டது. மறுபடி ஜாடியைக் கழுவி அதே உப்புக் கடல். இந்த முறை ஃபிரிட்ஜில் இருந்த வெறும் குடிதண்ணீரில் நீலம். அதே குளிர்தான், ஆனால் இறங்கவே இல்லை. ஒரு விரல் கனத்துக்கு மேலே நீலத் தகடாக மிதந்தது. அம்மா எட்டிப் பார்த்து, “இது ஏன் உள்ளே போகமாட்டேங்குது?” என்றார்கள். கிரீன்லாந்துப் பனி உருகி விழுகிற இடத்தில் நடப்பது அதுதான் அம்மா என்றேன். அன்றிலிருந்து, வெப்பமும் உப்பும் மாற்றும் அடர்த்தியால் ஓடும் வெப்ப உப்புச் சுழற்சி எனக்கு மறக்கவில்லை.

நீரோட்டம் பற்றி எந்தக் கேள்வி வந்தாலும் நான் வைத்துக்கொண்டது:

1. அம்புக்குறி போடும் முன் ஓரத்தில் காரணத்தை எழுதுங்கள். காற்றா, அடர்த்தியா, கரையின் வடிவமா?
2. எக்மன் (காற்று தள்ளும் நீர் காற்றின் திசையிலிருந்து விலகுவது) வரும் இடத்தில் மேல்நீர் 45 டிகிரி, மொத்த நகர்வு 90 டிகிரி. வட கோளத்தில் வலப்பக்கம். பெரு நாட்டுக் கரையில் தெற்குக் கோளம் என்பதால் இடப்பக்கம். அங்கே சிக்கிக்கொள்ளாதீர்கள்.
3. காலநிலை மாற்றம் என்று கேட்டால் வேகம் குறைவதை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். கூடுதல் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடலுக்குள் போகிறது. மேல்நீர் சூடாகி லேசாகும்போது அடிநீரின் சத்து மேலே வருவது குறைகிறது. கிழக்கு ஆஸ்திரேலிய நீரோட்டத்தின் தாக்கம் தெற்கே நீண்டு, டாஸ்மேனியாவின் கெல்ப் (பெரிய கடற்பாசி) காடுகள் பெருமளவு அழிந்தன. ஒரு உயிருள்ள உதாரணம் போதும்.
4. நிச்சயத்தின் அளவையும் எழுதுங்கள். ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐபிசிசியின் 2021 அறிக்கை, இந்த நூற்றாண்டில் அமாக் பலவீனமடைவது மிகவும் சாத்தியம் என்கிறது. 2100க்கு முன் திடீரென நின்றுவிடாது என்பதற்கு நடுத்தர நம்பிக்கை மட்டுமே தருகிறது. நின்றுவிடும் என்றும் எழுதக் கூடாது, கவலை இல்லை என்றும் எழுதக் கூடாது.

மாதிரித் தேர்வு எத்தனை எழுதுவது, எந்த மையம் என்றெல்லாம் கேட்காதீர்கள். எனக்குக் கூட்டத்தில் உட்கார்ந்து படிக்க வராது, அதனால் ஆறு தேர்வுதான் எழுதினேன். உங்களுக்கு வேறாக இருக்கலாம்.

அப்புறம் இந்தியப் பெருங்கடல். மற்ற கடல்களை மனப்பாடம் செய்து வருபவர்கள் இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள், ஏனென்றால் இதன் வட பகுதியில் நீரோட்டம் பருவத்துக்குப் பருவம் திரும்புகிறது. தென்மேற்குப் பருவத்தில் இலங்கைக்குத் தெற்கே கிழக்கு நோக்கி ஓடும் நீர், வடகிழக்குப் பருவத்தில் மேற்கு நோக்கி ஓடுகிறது. ஆப்பிரிக்கக் கரையோரச் சோமாலி நீரோட்டமும் அப்படியே. இதை நான் வளவின் தரையில் சாக்பீஸால் வரைந்து, ஆனிக்கு ஒரு நிறம், மார்கழிக்கு ஒரு நிறம் என்று அம்பு போட்டு, அதன்மேல் நடந்து நடந்து படித்தேன். நான் சாய்ந்து படித்த தேக்குத் தூண் பர்மாவிலிருந்து வங்காள விரிகுடாவைத் தாண்டி வந்தது. பாய்மரக் காலத்தில் கொண்டுவிற்கப் போனவர்கள் எந்த மாதம் கிளம்பியிருப்பார்கள் என்று யோசித்தாலே காற்றின் திசை நினைவுக்கு வந்துவிடும்.

இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒன்று. தேவகோட்டையிலிருந்து தொண்டிக்குப் பஸ் இருக்கிறது. ஆனியில் ஒரு தடவை போங்கள், வாடை தொடங்கிய பிறகு ஐப்பசிக் கடைசியில் இன்னொரு தடவை. வலை காயப்போடுபவர்களிடம் நீவாடு (கடல் நீரோட்டம்) எந்தப் பக்கம் என்று கேளுங்கள். இரண்டாம் தடவை நான் போனபோது ஒரு பெரியவர், “மாறிடுச்சு தம்பி, இப்ப வடக்கேருந்து இழுக்குது” என்று தெற்கே கை காட்டினார். பரீட்சையில் அந்த அம்பை வரையும்போது எனக்கு அந்தக் கைதான் தெரிந்தது.