மஞ்சள் லேபிள்

"எனக்கு வேண்டியது நாவல், லைப்ரரிப் புத்தகம் இல்லை."

நான் வேலை பார்க்கும் பழைய புத்தகக் கடையில் ஒரு வாடிக்கையாளர் சொன்ன இந்த வரிக்கு அன்றைக்கே பதில் சொல்லியிருக்கலாம். பதில் எனக்கு ராத்திரி டியூப் ரயிலில் வீட்டுக்குப் போகும்போதுதான் வந்தது, அதுவும் ஒரு கட்டுரை நீளத்துக்கு.

புத்தகம் ஜார்ஜ் எலியட்டின் 'தி மில் ஆன் தி ஃபிளாஸ்'. பிளாக்வுட் 1860இல் போட்ட முதல் பதிப்பு, மூன்று தொகுதி, அசல் துணி பைண்டிங். மூன்றின் முன்னட்டையிலும், சந்தா வாங்கிக்கொண்டு புத்தகம் இரவல் கொடுத்த மியூடி லைப்ரரியின் மஞ்சள் லேபிள். அதை எடுத்துக் கொடுத்தால் இப்போதே வாங்கிக்கொள்கிறேன் என்றார். எடுக்க மாட்டோம் என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன், ஆனால் முதலாளி இல்லாத நேரத்தில் 'மாட்டோம்' என்று கடைக்கும் சேர்த்துச் சொல்ல எனக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று கேட்டால் பதில் இல்லை.

என் பக்கத்து நியாயம் இதுதான். அந்தக் காலத்தில் ஒரு மூன்று தொகுதி நாவலின் விலை முப்பத்தொன்றரை ஷில்லிங், ஒரு விவசாயக் கூலியின் இரண்டு வாரச் சம்பளத்துக்கும் மேல். யார் வாங்குவார்கள்? வருடத்துக்கு ஒரு கினி (இருபத்தொரு ஷில்லிங்) சந்தா கட்டி மியூடியில் ஒவ்வொரு தொகுதியாக எடுத்துப் படித்தவர்கள்தான் அதிகம். மூன்று தொகுதியாகப் பிரித்தால் ஒரே நாவலை ஒரே நேரத்தில் மூன்று பேருக்கு வாடகைக்கு விடலாம், நாவல் அந்த நீளத்துக்கு இழுக்கப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம். 1894இல் மியூடியும், அதே மாதிரி இரவல் லைப்ரரி நடத்திய டபிள்யூ. எச். ஸ்மித்தும் பதிப்பாளர்களுக்கு இனி தொகுதிக்கு நாலு ஷில்லிங்குக்கு மேல் தரமாட்டோம் என்று அறிவித்ததும் சில வருடங்களில் அந்த வடிவமே ஒழிந்துபோனது. அப்படியிருக்க நாவல் வேறு, லைப்ரரிப் புத்தகம் வேறு என்று எங்கே பிரிப்பது?

சரி, இவ்வளவு பேசுகிற நான்தான் அந்த செட்டுக்கு லேபிளைக் காரணம் காட்டி விலையைக் குறைத்துப் போட்டவன். லேபிள் இல்லாத பிரதியென்றால் கூசாமல் கூடுதலாகப் போட்டிருப்பேன். தவிர, பழைய வியாபாரிகள் உள்தாளில் பென்சிலால் எழுதிவைத்த விலைகளையும் ரகசியக் குறிகளையும் நாள் முழுக்க ரப்பரால் அழிப்பதும் என் வேலைதான். அதுவும் அந்தப் புத்தகத்தின் சரித்திரம்தானே? அதற்கு ஒருநாளும் மனசு உறுத்தியதில்லை.

அவர் கடைசியில் வாங்கிவிட்டார். பணம் கொடுத்துவிட்டு, "இதை எதைக் கொண்டு எடுப்பீர்கள்?" என்றார். அதுதான் உண்மையான சிக்கல். முதல் தொகுதியில் லேபிளின் ஒரு மூலை ஏற்கெனவே தூக்கிக்கொண்டிருந்தது. அடியில் துணி புதுசு போலச் செம்பழுப்பாக இருக்க, சுற்றிலும் வெளிறிப்போயிருந்தது. எடுத்தாலும் அந்தக் கட்டம் போகாது. கெட்டில் ஆவியில் காட்டினால் துணியில் நீர்க்கறை வேறு சேரும். சொல்லாமல் விட்டால் அவர் அதைத்தான் செய்வார், சொன்னால் நான் மறுத்த வேலையை அவர் கையால் நானே செய்த மாதிரி ஆகும். ஆவி மட்டும் காட்டாதீர்கள், பழைய தாள்களைப் பழுதுபார்க்கும் பேப்பர் கன்சர்வேட்டரிடம் கொடுங்கள் என்றேன். "அப்போ எடுக்க முடியும்" என்று சிரித்தார்.

முதலாளியிடம் சொன்னபோது, "நாம் நடத்துவது கடை, மியூசியம் இல்லை" என்றார். சரிதான். மியூசியமாக இருந்திருந்தால் விற்றே இருக்க மாட்டோம். இதை அவரிடம் சொல்லவில்லை, சொன்னாலும் அது என் கட்சிக்கு உதவுமா என்பதும் சந்தேகம்.

அப்புறம் ஒன்று மட்டும் மாற்றியிருக்கிறேன். கேட்லாகில் மியூடி லேபிளைக் கறை, கிழிசலோடு சேர்த்துக் குறைகளில் எழுதுவதில்லை, பைண்டிங் விவரத்திலேயே எழுதிவிடுகிறேன். விலையை ஏற்றவில்லை. ஏற்றினால் விற்காது.